கண்ணுக்கு யாரிடம் போவது?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தப் பழமொழி எங்கள் வீட்டில் நிஜமாகவே நடந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்க அப்பத்தா பூக்கட்டிப் பிழைச்ச மனுஷி. திடீர்னு பக்கத்தில் இருக்கிற பூக்கூடையைக் கை தட்டிக் கவிழ்க்க ஆரம்பித்தது. "கண்ணு மங்குதுப்பா" என்றதும் அப்பா டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார். வெளியே 'கண் பரிசோதனை' என்று போர்டு. உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர். டாக்டர் என்றே நினைத்தோம். இரண்டு வருஷத்தில் மூன்று கண்ணாடி மாற்றினார்.

பிறகு ஊரில் இலவசக் கண் முகாம் நடந்தது. அங்கே வந்த கண் மருத்துவ உதவியாளர், "பாட்டி, நேராப் பாருங்க. உங்க பக்கத்துல நிக்கிறது யாரு, தெரியுதா?" என்று கேட்டார். நின்றது நான்தான். அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே சீட்டு எழுதி டாக்டரிடம் அனுப்பினார். வந்திருந்தது கண் நீர் அழுத்த நோய். "போன பார்வை திரும்பாதும்மா. மிச்சத்தைச் சொட்டு மருந்தால காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். ஒரு கண் போனது போனதுதான்.

அந்தக் கடையில் பெயருக்குப் பின்னால் என்ன படிப்பு என்று பார்க்க எங்கள் வீட்டில் அப்போது ஆளில்லை. இப்போது நான் இருக்கிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் தெரிந்துகொள்வோம்.

யார் யார், என்ன படித்தவர்கள்?

1. கண் மருத்துவர்: எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, பயிற்சி ஓராண்டு. அதற்கு மேல் கண்ணுக்கென்றே எம்.எஸ். மூன்றாண்டு. மூத்த டாக்டர்கள் பலர் டி.ஓ. என்ற டிப்ளமோ முடித்தவர்கள். நோயைக் கண்டுபிடிப்பது, மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் இவர் வேலை.

2. ஆப்டோமெட்ரிஸ்ட்: பி.ஆப்டம். என்ற நான்காண்டுப் பட்டப் படிப்பு. டிப்ளமோவும் உண்டு. பவர் அளந்து கண்ணாடி எழுதுவார். நோயின் அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவார். அறுவை செய்ய மாட்டார்.

3. ஆப்டீஷியன்: சீட்டில் எழுதிய பவருக்கு லென்ஸை வெட்டி, தேய்த்து, பிரேமில் பொருத்துபவர். கைத்தொழில் நுணுக்கம் நிறைந்த வேலை. ஆனால் நோய் பார்ப்பது இவர் வேலை அல்ல.

4. கண் மருத்துவ உதவியாளர்: அரசு சுகாதார நிலையங்களிலும் முகாம்களிலும் முதலில் நம்மைப் பார்ப்பவர். 1976-ல் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கிய பிறகு கிராமம் வரை வந்து சேர்ந்தவர்கள் இவர்கள்தான்.

கடையில் ஏன் தெரியவில்லை?

நம் ஹைட்ராலிக்ஸ் லேபை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குள்ளும் ஒரு திரவம் சுரந்து, வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும். சாதாரணமாக அது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். அதிலும் பெரும்பாலும் முதலில் போவது ஓரப் பார்வை. நேர்ப் பார்வை கடைசி வரை நிற்கும். ஆகவே பலகையில் எழுத்து தெரியும், பக்கத்தில் பூக்கூடை தெரியாது! பலகையை மட்டும் காட்டிப் பவர் பார்த்தால் இந்த நோய் பிடிபடாது. டோனோமீட்டரால் அழுத்தம் அளக்க வேண்டும். கண்ணின் பின்புறம் போய் நரம்பைப் பார்க்க வேண்டும். வலி இருக்காது என்பதால் நோயாளியும் தேடிப் போக மாட்டார்.

கண்புரை அப்படியல்ல. அதில் லென்ஸ்தான் மங்குகிறது. அறுவை செய்து வேறு லென்ஸ் வைத்தால், மற்றபடி கண் நன்றாக இருந்தால், பார்வை திரும்பும். இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் டாக்டர் வேண்டும்.

அந்த லென்ஸ் வந்த கதை

வேறு லென்ஸ் வைக்கலாம் என்று காட்டியவர் இங்கிலாந்து கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் அக்ரிலிக் மூடி உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் துண்டுகள் பாய்ந்தன.  ஆனால் இந்த பிளாஸ்டிக் துண்டைக் கண் சும்மா விட்டுவிட்டதை ரிட்லி கவனித்தார். "அப்படியானால் இதிலேயே லென்ஸ் செய்தால் என்ன?" ரேனர் என்ற லென்ஸ் கம்பெனியின் ஒளியியல் நிபுணர் ஜான் பைக் அதைச் செய்து கொடுக்க, 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் லென்ஸ் பொருத்தப்பட்டது. பெரிய டாக்டர்கள் பல வருஷம் எதிர்த்தார்கள். கடைசியில் உலகமே ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் இந்த அக்ரிலிக் லென்ஸ்களை லேத்தில் கடைந்து பாலிஷ் போட்டுத்தான் தயாரித்தார்கள். ஆமாம், நாம் ஒர்க்‌ஷாப்பில் பார்க்கிற லேத்தின் தம்பிதான், ரொம்ப நுணுக்கமான தம்பி.

மதுரைக்கு வந்த லென்ஸ்

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ல் எட்டயபுரம் பக்கம் அயன்வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் எழுதிப் பழகியது ஆற்று மணலில். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், 1944-ல் சென்னை ஸ்டான்லியில் டாக்டர் படிப்பு, பிறகு ராணுவ மருத்துவப் பணி. பிரசவ மருத்துவராக ஆசைப்பட்டவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அதற்காக அவர் உட்கார்ந்துவிடவில்லை. கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சம் கண்களுக்கு மேல் அறுவை செய்தார். 58 வயதில் அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் காலமானார்.

அவர் தனியாளாக இதைச் செய்யவில்லை. கட்டடம் எழுப்பிய தம்பி சீனிவாசன் சிவில் என்ஜினீயர். டாக்டர்களுக்குத் துணை நின்றவர்கள் பள்ளிப் படிப்பு முடித்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். அன்று லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரணும், விலையோ ஏழைக்கு எட்டாது. ஏழைகளுக்கு சோடா புட்டிக் கண்ணாடிதான், உடைந்தால் மறுபடி குருடு. ஆகவே 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி லென்ஸ் செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. அதற்குப் பெரிதும் உதவிய அமெரிக்கர் டேவிட் கிரீன் டாக்டர் அல்லர், பொதுச் சுகாதாரம் படித்தவர்.

கண் தெரியாமலே கண்ணுக்காகப் பேசியவரும் உண்டு. குழந்தையிலேயே பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர், 1925-ல் அமெரிக்காவில் லயன்ஸ் சங்க மாநாட்டில், பார்வையற்றோருக்காகப் பாடுபட வாருங்கள் என்று அழைத்தார். இன்றும் நம் ஊர் கண் முகாம் பேனர்களில் லயன்ஸ் பெயரைப் பார்க்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

இவர்கள் எல்லாரிடமும் ஒரு குணம் பொது. தன் வேலை எதுவரை என்று தெரிந்தவர்கள். லென்ஸ் வேணும் என்றால் ரிட்லி பைக்கிடம் போனார். முகாமில் வந்த உதவியாளர், தன்னால் ஆகாது என்று தெரிந்ததும் மேலே அனுப்பினார். எங்க அப்பத்தாவின் இன்னொரு கண்ணைக் காப்பாற்றியது அந்தச் சீட்டுதான். கண்ணாடி விற்றதில் தப்பில்லை, அனுப்பாமல் இருந்ததுதான் தப்பு.

எனவே தோழர்களே, இந்த லீவில் வீட்டுக்குப் போனதும் 40 வயது தாண்டியவர்களையும், சர்க்கரை நோய் உள்ளவர்களையும், குடும்பத்தில் கண் நீர் அழுத்தம் இருந்தவர்களையும் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். "ஐயா, நீங்க டாக்டரா, ஆப்டோமெட்ரிஸ்டா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. "பிரஷர் பார்த்தீங்களா?" என்றும் கேளுங்கள்.

அப்பத்தா இப்போதும் பூக்கட்டுகிறது. கூடையை மட்டும் பார்வை தெரிகிற பக்கமாக நகர்த்தி வைத்துவிடுவோம். ராத்திரி சொட்டு மருந்து விடுவது என் டூட்டி.