ஹலோ... ஹலோ... கேக்குதா?
(இணையத்தில் பேசும்போது வரும் கோளாறுகளும், அதைச் சரிசெய்யும் வழிகளும்)



நம்ம ஊர்ல நிறைய வீட்டுல யாராவது ஒருத்தர் வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ வேலை செய்றாங்க. எங்க அப்பா சிங்கப்பூர்ல வெல்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவரால நிதானமா பேச முடியும். அந்தப் பேச்சு பாதியில கெட்டுப்போனா அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கணும். அதனால இந்தத் தாளுக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

இணையப் பேச்சு என்றால் என்ன?

நம் குரலை மென்பொருள் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டில் பெரும்பாலும் 20 மில்லி விநாடிப் பேச்சு இருக்கும். அப்படியென்றால் ஒரு விநாடிக்கு 50 துண்டு, ஒரு நிமிடத்துக்கு 3,000 துண்டு. பத்து நிமிஷம் பேசினா 30,000 துண்டு! ஒவ்வொன்றின் மேலும் வரிசை எண்ணும், போக வேண்டிய முகவரியும் இருக்கும். அந்தப் பக்கம் போனதும் வரிசைப்படி ஒட்டிக் குரலாக்குவார்கள். இந்தியாவில் இணையம் வழியாகப் பேச 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதி கிடைத்தது.

திறந்த மூல மென்பொருள் என்றால், அது எழுதப்பட்ட நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். லின்போன் 2001-இல் வந்தது. ஜிட்சியை 2003-இல் பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்த எமில் இவோவ் என்ற மாணவர் தொடங்கினார். பல்கேரிய மொழியில் அந்தப் பெயருக்குக் 'கம்பிகள்' என்று பொருள். ஒரு மாணவர் ஆரம்பித்ததை இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எங்க அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருக்கு. அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். நாங்க அதுலதான் பேசுறோம். இனி கோளாறுகளைப் பார்ப்போம்.

1. ஒரு பக்கம் மட்டும் கேட்பது

இதுதான் ரொம்ப குழப்புற கோளாறு. போன வருஷம் அப்பா பேசுறது எங்களுக்கு நல்லா கேட்டுச்சு. நாங்க பேசுறது அவருக்குக் கேக்கவே இல்ல. "யாரும் பேச மாட்றீங்களே"ன்னு சொல்லிட்டு அவர் வச்சிட்டாரு. எம்புள்ள கோவிச்சிக்கிட்டான்னு ஆயா அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

கோபம் ஒண்ணும் இல்ல, காரணம் முகவரி. வீட்டிலோ விடுதியிலோ ஒரு வைஃபை பெட்டியில் பல பேர் சேர்ந்திருப்பார்கள். அந்தப் பெட்டி ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 போன்ற உள் முகவரி கொடுக்கும். வெளி உலகத்துக்கு அது தெரியாது. 'ஒன்பதாம் வகுப்பு, மூணாவது பெஞ்ச்' என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் தபால்காரர் எந்த ஊருக்குக் கொண்டுபோவார்? அதே கதைதான். நம் துண்டுகள் வாசல் வரை போய்த் திரும்பிவிடும், அல்லது அந்தப் பெட்டியின் காவல் அமைப்பு தடுத்துவிடும்.

வழி: மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் 'ஸ்டன்', 'ஐஸ்' என்று இருக்கும். இரண்டையும் இயக்க வேண்டும். ஸ்டன் சர்வர், "வெளியிலிருந்து பார்த்தால் உன் முகவரி இதுதான்" என்று சொல்லும். அதுவும் உதவாவிட்டால் 'டர்ன்' என்ற சர்வர் நடுவில் நின்று வாங்கி வாங்கிக் கொடுக்கும். எதுவும் புரியலன்னா சுலபமான சோதனை ஒண்ணு இருக்கு. வைஃபையை நிறுத்திட்டு சிம் டேட்டாவுல பேசிப் பாருங்க. அப்பா அப்படித்தான் மாத்தினாரு. உடனே ஆயா குரல் அவருக்குக் கேட்டுது.

2. எதிரொலி

நாம் பேசுவது நமக்கே திரும்பக் கேட்டால் நம் கருவியில்தான் கோளாறு என்று எல்லோரும் நினைப்போம். உண்மை நேர்மாறு! எதிரே இருப்பவரின் ஸ்பீக்கரில் வரும் நம் குரல், அவருடைய மைக்கில் நுழைந்து திரும்பி வருகிறது. ஆகவே எதிரொலி கேட்பவர் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. அடுத்தவரைத்தான் ஹெட்போன் மாட்டச் சொல்ல வேண்டும், அல்லது ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

3. குரல் விட்டு விட்டு வருவது

துண்டுகள் சில சீக்கிரம் வரும், சில தாமதமாக வரும், சில வராமலே போகும். நம்ம பிரேயர்ல லேட்டா வர்ற பசங்களுக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்துதானே வரிசையை ஆரம்பிக்கிறோம்? மென்பொருளும் அப்படிக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். ஆனால் ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது. குரல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போக 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வோம்.

வழி: முதலில் வீடியோவை நிறுத்துங்கள். குரலுக்குத் தேவைப்படுவதைப் போல் பல மடங்கு டேட்டா வீடியோவுக்குத் தேவை. பழைய ஜி.711 முறைக்குக் குரலுக்கு மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட் வேண்டும். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் முறை 6 கிலோபிட்டில்கூட வேலை செய்யும். அமைப்பில் ஓபஸை முதலாவதாக வையுங்கள். வீட்டுல வேற யாராவது படம் பார்த்தா பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க!

4. மைக் வேலை செய்யவில்லை

பெரும்பாலும் மைக் நன்றாகத்தான் இருக்கும். பிரவுசரில் அனுமதி கேட்கும்போது 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்பார்கள். முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டுப் படத்தையோ அமைப்புக் குறியையோ தொட்டு அனுமதியை மாற்றலாம். கணினியில் இரண்டு மைக் இருந்தால் எது தேர்வாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

5. ரிங் அடிக்கவில்லை

அழைத்தவர் அழைத்தேன் என்பார், இவர் வரவே இல்லை என்பார். இரண்டு பேரும் உண்மை சொல்கிறார்கள். பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு போன் அந்த மென்பொருளைத் தூங்க வைத்துவிடும். பேட்டரி அமைப்பில் அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும்.

6. உள்ளே நுழைய முடியவில்லை

ஜிட்சியின் பொதுத் தளத்தில் முன்பு யார் வேண்டுமானாலும் அறை திறக்கலாம். 2023 ஆகஸ்ட் முதல், தொடங்குபவர் ஒருவராவது கணக்கு வைத்து நுழைய வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கணக்கு தேவையில்லை. எனவே கணக்கு உள்ளவர் முதலில் நுழைய வேண்டும்.

மாணவிகள் கவனத்திற்கு: அறைக்கு 'கிளாஸ்', 'ஃபேமிலி' என்று சுலபமான பெயர் வைக்காதீர்கள். அதே பெயரை யாராவது தட்டினால் உள்ளே வந்துவிடுவார்கள். நீளமான பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். அவசரத்துக்கு 108, 112 அழைக்க இந்த மென்பொருள்களை நம்பக் கூடாது. சாதாரண போன்தான் சரி.

உதவி கேட்பது எப்படி?

வயித்து வலின்னு போனா டாக்டர் எங்க வலி, எப்போலேர்ந்து, என்ன சாப்பிட்டன்னு கேப்பாரு இல்லையா? அது மாதிரி, "வேலை செய்யலை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. என்ன கருவி, மென்பொருளின் எந்தப் பதிப்பு, வைஃபையா சிம்மா, என்ன செய்தபோது என்ன நடந்தது என்று வரிசையாக எழுத வேண்டும். திறந்த மூல மென்பொருளில் இப்படி எழுதுவதும் ஒரு பங்களிப்பு. உருவாக்கியவர்கள் அதைப் படித்துத் திருத்தினால் உலகத்தில் எல்லோருக்கும் சரியாகிறது. நமக்குப் பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. அவர்கள் ஜிட்சி வழியாகவே கூடி இதுபோன்ற விஷயங்களைத் தமிழில் பேசி வந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. குரல் நின்றுபோனால் அந்தப் பக்கம் இருப்பவர் வெறுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. 30,000 துண்டில் சில வழியில் தங்கிவிட்டன, அவ்வளவுதான். இந்தத் தாளைப் படிச்சவங்க வீட்டுல இருக்கற ஆயா தாத்தாவுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க.

சிந்திக்க: உங்களுக்கு எதிரொலி கேட்டால் ஹெட்போன் மாட்ட வேண்டியவர் யார்? விடையைத் தமிழம்மாவிடம் சொல்லுங்கள்.



— 9-ஆம் வகுப்பு மாணவி, திருவாலங்காடு