தேடுபொறியும் தேர்ந்த சொல்லும்

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவர் முன் நிற்கும் முதல் வினா வேலை பற்றியதாகும். நாளிதழின் விளம்பரப் பத்தியை நோக்கியிருந்த காலம் மாறி, இணையத்திலுள்ள தேடுபொறிகளை நோக்கும் காலம் வந்துள்ளது. நம் நாட்டில் நௌக்ரி 1997-ஆம் ஆண்டிலும், அமெரிக்க நாட்டில் லிங்க்டின் 2003-ஆம் ஆண்டிலும், இண்டீட் 2004-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. இந்திய அரசினரின் வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015-ஆம் ஆண்டில் தோன்றிற்று. இவற்றுள் ஒன்றில் ஒரு சொல்லை இட்ட அளவிலே விளம்பரங்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் நமக்கு உரியனவோ மிகச் சில. இக்குறை நீங்கும் வழியை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

தேடுபொறி நம் உள்ளக் கருத்தை அறியாது. நாம் இட்ட சொல்லையே முதற்கண் அறியும். விளம்பரம் எழுதினோர் வழங்கிய சொல்லும் நாம் இடும் சொல்லும் ஒத்தாலன்றிப் பொருத்தம் உண்டாதல் அரிது. இக்காலப் பொறிகள் ஒருபொருட் சொற்கள் சிலவற்றைத் தாமே சேர்த்து நோக்குமாயினும், அதனையே நம்பியிருத்தல் தகாது.

சான்றாக, தமிழ் பயின்ற ஒருவர் ஆங்கில எழுத்தில் ‘தமிழ்’ என்று மட்டும் இட்டுத் தேடுவாராயின், தமிழில் பேச வல்லாரை வேண்டும் தொலைபேசிச் சேவை வேலைகள் பல அவர் முன் வந்து நிற்கும். அது கண்டு, தமிழ் படித்தார்க்கு உலகில் இடம் இவ்வளவே என அவர் மனந்தளர்தல் கூடும். உண்மை அஃதன்று. அவர்க்கு ஏற்ற வேலைகள் ‘டிரான்ஸ்லேட்டர்’, ‘லோக்கலைசேஷன்’, ‘காப்பி எடிட்டர்’, ‘சப்டைட்டிலிங்’ முதலிய பெயர்களின்கீழ் மறைந்து கிடக்கின்றன. பாடத்தின் பெயர் வேறு. பணியின் பெயர் வேறு. ஆகலின் பணிப்பெயரோடு ‘தமிழ்’ என்பதனையும் சேர்த்து இடுதலே நெறியாம்.

அப்பெயர்களை அறிவது எங்ஙனம்? நமக்கு ஏற்ற விளம்பரங்கள் ஒரு பத்தினைக் கருத்தூன்றிப் படித்து, அவற்றில் பயிலும் பணிப்பெயர்களையும் திறன்களையும் ஓர் ஏட்டில் குறித்துக்கொள்ளல் வேண்டும். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லினும் சிலவற்றில் மட்டுமே வரும் சொல் தேடலுக்கு மிக்க பயன் தரும் என்பதனை, 1972-ஆம் ஆண்டில் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் விளக்கிக் காட்டினார். ‘மேனேஜர்’ போன்ற பொதுச்சொல் தனித்து நின்று பயன் தராமை இதனால் விளங்கும்.

சொற்களை இணைக்கும் முறையும் உண்டு. இரு சொற்களை மேற்கோட் குறிக்குள் அடைத்தால் அவை அத்தொடராகவே தேடப்படும். ‘அல்லது’ என்னும் பொருள் தரும் ‘ஆர்’ என்பதனை ஆங்கிலப் பேரெழுத்தில் இடையே இட்டால் இரண்டில் ஒன்று உள்ளனவும் வரும். வேண்டாத சொல்லை விலக்கற்கு இண்டீட்டில் கழித்தற் குறியும், லிங்க்டினில் ‘நாட்’ என்பதும் பயன்படும். ஜார்ஜ் பூல் என்னும் கணித அறிஞர் 1854-ல் விரித்துரைத்த தருக்கமுறையே இவற்றிற்கு அடிப்படையாம்.

ஊர்ப்பெயரிலும் கருத்து வேண்டும். ‘டிரிச்சி’ எனவும் ‘திருச்சிராப்பள்ளி’ எனவும், ‘பெங்களூர்’ எனவும் ‘பெங்களூரு’ எனவும் எழுதுவார் உளர். இரு வடிவிலும் தேடுக. புதிதாய் வேலைக்கு வருவாரை நம் நாட்டு விளம்பரங்கள் ‘ஃபிரஷர்’ என்னும். பிற நாட்டில் ‘என்ட்ரி லெவல்’ என்பதே பெருவழக்கு.

வலையின் கண் பெரிதாயின் மீன் தப்பும். மிகச் சிறிதாயின் பாசியும் சேரும். அங்ஙனமே சொல்லை மிகுதியாக அடுக்கினால் நல்ல வேலையும் விடுபடும். குறைத்தால் வேண்டாதனவும் புகும். முதலில் அகலத் தேடிப் பின்னர்ச் சிறிது சிறிதாகக் குறுக்குதல் நன்று. வெளியிட்ட நாளால் வரிசைப்படுத்திப் பழையன நீக்குக. முதலில் நிற்பன யாவும் பொருத்தமானவையல்ல. பணம் பெற்று முன்னிறுத்தப்படுவனவும் அவற்றுள் உண்டு. வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பாரை நம்பற்க. ஏமாற்றப்பட்டோர் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம்.

வேலை இல்லை என்று முடிவு செய்யுமுன், நாம் வினவிய சொல் சரிதானா என ஆராய்தல் வேண்டும். சொல்லின் வேற்றுமையும் வழக்கும் ஆராயப் பயின்றோமாகிய நமக்கு இஃது அரியதொன்றன்று. ஆதலின் தோழர்காள், நும் ஏட்டில் இன்றே பத்துப் பணிப்பெயர்களைக் குறித்துத் தேடத் தொடங்குவீராக.