வாதம் வந்த கையில் வலி ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 58, சர்க்கரையும் உண்டு. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டன. கால் தேறிவிட்டது, கோலூன்றி நடக்கிறார். கை மட்டும் துவண்டு தொங்குகிறது. ஒரு மாதமாகத் தோளில் கடும் வலி, இரவில் தூக்கமில்லை. வேப்பமரத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து வாதக் கையைத் தூக்கிப் பயிற்சி செய்கிறார். நானும் கையைப் பிடித்துத்தான் எழுப்பி உட்கார வைக்கிறேன். மறுபடி வாதம் அடிக்கப் போகிறது என்கிறார்கள். உண்மையா?

– செ.ரா., வேப்பந்தட்டை, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: இல்லை அம்மா, பயப்படாதீர்கள். தோள்வலி அடுத்த வாதத்துக்கு அறிகுறி அல்ல. கை விழுந்தவர்களில் பலருக்கு முதல் சில மாதங்களில் இந்த வலி வரும். கவனித்தால் பெரும்பாலும் குறையும்.

முதல் வேலையாக அந்தக் கப்பியைக் கழற்றுங்கள். தோள்மூட்டு உரலுக்குள் உலக்கை போல ஆழமாக உட்கார்ந்திருப்பதில்லை. சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. சுற்றியுள்ள தசைகள்தான் அதைப் பிடித்துவைக்கின்றன. அவை சோர்ந்தால் கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கும். இது சப்லக்சேஷன் (மூட்டுப் பந்து பாதி நழுவுதல்). தோள் எலும்பின் விளிம்புக்குக் கீழே தடவிப் பாருங்கள், ஒரு விரல் பதியும் அளவு பள்ளம் தெரியலாம். இன்னொன்று: கை மேலே போகும்போது முதுகுப் பட்டை எலும்பும் கூடவே திரும்ப வேண்டும். வாதத்தில் அது திரும்பாது. கயிறோ கையை மட்டும் இழுக்கும். நடுவில் தசைநார்கள் நசுங்கும். கையைப் பிடித்துத் தூக்குவதிலும் இதே ஆபத்துதான். உங்களைக் குறை சொல்லவில்லை, படுத்தவரை எழுப்ப யாரும் கையைத்தான் பிடிப்பார்கள்.

வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஸ்பாஸ்டிசிட்டி (தசை விறைப்பு) ஒன்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு உறைதோள் (மூட்டுறை சுருங்கி இறுகுதல்) எளிதில் வரும். விரல்களும் புறங்கையும் வீங்கி, தோல் பளபளத்து, தொட்டாலே எரிகிறதென்றால் அது தோள்-கை நோய், தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இனி எழுப்பும்போது அவரைப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, உங்கள் ஒரு கையை முதுகுப் பட்டைக்குப் பின்னும் மறு கையை இடுப்பிலும் கொடுத்து எழுப்புங்கள். (கயிற்றுக் கட்டில் வேண்டாம், குழிவிழும்.) உட்கார்ந்தால் மடியில் தலையணை, அதன்மேல் கை. படுத்தாலும் அப்படியே. சட்டை போடும்போது வாதக் கை முதலில், கழற்றும்போது கடைசியில். கையைத் தாங்கும் தூளி நடக்கும்போது மட்டும் போதும். நாள் முழுக்கக் கட்டினால் கை மடங்கியே இறுகிவிடும். பயிற்சியை நிறுத்த வேண்டாம். பட்டை எலும்பைத் தாங்கிக்கொண்டு, வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். தோள் உயரத்துக்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். எண்ணெய் தடவலாம், இழுத்து நீவுவதும் சொடுக்கு எடுப்பதும் கூடாது. உணர்ச்சி குறைந்த தோலில் வெந்நீர் ஒத்தடம் புண்ணாக்கிவிடும்; உங்கள் புறங்கையில் சூடு பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் சாப்பிடுபவர் கூடவே டைக்ளோஃபினாக் விழுங்கினால் வயிற்றில் ரத்தம் கசியலாம்.

பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள். அரியலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அடிக்கடி பஸ் ஏற முடியாவிட்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஊர் செவிலியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, திடீரெனக் கை கால் மேலும் தளர்ந்தாலோ மட்டும் உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

கப்பியைக் கழற்றிவிட்டு ஒரு மாதம் கழித்து எழுதுங்கள், இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று.