மூலிகைச் செடிக்கும் தாகம் உண்டு



இந்த முறை நம் பள்ளி மூலிகைத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். போன மே மாத விடுமுறையில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் முறை எங்கள் நாலு பேருக்கு வந்தது. ஒரு நாள்கூட தவறாமல் வந்து ஊற்றினோம். ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது துளசி எல்லாம் காய்ந்து குச்சியாக நின்றது. தூதுவளைக் கொடி இருந்த இடமே தெரியவில்லை. "லீவுல யாரும் தண்ணி ஊத்தலையா?" என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊற்றினோமே! அப்புறம் ஏன் செத்தது? அதைக் கண்டுபிடித்த கதைதான் இந்தக் கட்டுரை.

எங்கே தப்பு நடந்தது?

நாங்கள் பதினொரு மணிக்கு மேல்தான் வருவோம். ஆளுக்கு ஒரு வாளி எடுத்து, எல்லாச் செடிக்கும் இலை மேல் தெளித்துவிட்டு ஓடிவிடுவோம். இதை வீட்டில் சொன்னபோது என் அப்பத்தா சிரித்தது. "ஏத்தா, நெதமும் நாக்கை மட்டும் நனைச்சு விட்டா தாகம் அடங்குமா?" என்று கேட்டது.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அப்பத்தா சொன்னது சரி என்றார்கள். உச்சி வெயிலில் தெளித்த தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போயிருக்கும். மீதியும் மேல்மண்ணை மட்டும் நனைத்திருக்கும். தண்ணீர் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் வேர் போகும். தினமும் மேலாக ஊற்றினால் வேரும் மேலேயே படரும். மேல்மண்தானே முதலில் கொதிக்கும், முதலில் காயும்? ஆக, தண்ணீர் ஊற்றியே நாங்கள் செடியைக் கெடுத்திருக்கிறோம்.

நம் பள்ளத்தாக்கில் வறட்சியா?

வெளியூர்க்காரர்கள் கம்பம் பள்ளத்தாக்கு என்றால் நெல், வாழை, தென்னை, திராட்சை என்று பச்சையாகத்தான் நினைப்பார்கள். அந்தப் பச்சை 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீரால் வந்தது. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலை தடுத்துக்கொள்ளும். குமுளியில் கொட்டும்போது நமக்குச் சாரலும் காத்தும்தான். வாய்க்கால் போகாத இடமெல்லாம் வானத்தைப் பார்த்த பூமி. ஆண்டிபட்டிப் பக்கம் போனால் இது நன்றாகத் தெரியும். 2016-ல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்தது. நம் பள்ளித் தோட்டத்துக்கும் வாய்க்கால் கிடையாது, குழாய்த் தண்ணீர்தான்.

செடி எப்படிச் சமாளிக்கிறது?

நீராவிப்போக்கு பற்றிப் பாடத்தில் படித்திருக்கிறோம். மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அது "தண்ணி குறையுது, கதவைச் சாத்து" என்று தகவல் சொல்வது போல. உடனே இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். தண்ணீர் மிஞ்சும். ஆனால் அதே துளை வழியாகத்தானே கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வர வேண்டும்? அது வராவிட்டால் உணவு தயாரிக்க முடியாது, வளர்ச்சி நிற்கும். தாகமும் பசியும் சேர்ந்து வருவது இப்படித்தான்.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி சமாளிப்பதில்லை. நம் தோட்டத்திலேயே மூன்று விதம் இருக்கிறது.

1. தப்பித்துக்கொள்பவை: கீழாநெல்லி மழைக்கு முளைத்து, சீக்கிரமே காய்த்து, விதையை மண்ணில் விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த மழைக்குத் திரும்பி வரும்.

2. சேமித்து வைப்பவை: சோற்றுக் கற்றாழை மடலுக்குள் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். அதன் இலைத்துளைகள் வெயில் இல்லாத இரவில்தான் திறக்கும்.

3. தாங்கிக்கொள்பவை: ஆடாதோடை, நொச்சி, நித்திய கல்யாணி. வேர் நன்றாகப் பிடித்துவிட்டால் வாடினாலும் சுலபமாகச் சாகாது.

துளசிக்கு இவ்வளவு பலம் கிடையாது. மெல்லிய இலை, சீக்கிரம் தலை தொங்கிவிடும். நாங்கள் துளசிக்கும் கற்றாழைக்கும் ஒரே அளவு ஊற்றினோம். அது இரண்டாவது தப்பு.

நித்திய கல்யாணி சொல்லும் சேதி

சுடுகாட்டுப் பூ என்று சிலர் இதை வீட்டில் வைக்க மாட்டார்கள். ஆனால் 1958-ல் கனடா நாட்டில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் இந்தச் செடியிலிருந்துதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து தேடப் போய் இது கிடைத்தது. பின்னால் இதே செடியில் கிடைத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. (யாரும் இலையைக் கடித்துப் பார்க்காதீர்கள், விஷம்!)

இந்தச் செடியை வைத்துச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் ஓர் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். சில செடிகளுக்கு 10, 15, 20 நாட்களுக்கு ஒரு முறைதான் தண்ணீர் விட்டார்கள். செடிகளின் வளர்ச்சி குறைந்தது. ஆனால் அஜ்மாலிசின் என்ற மருந்துப் பொருள் கூடியது! பிறகு சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவை மண்ணுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே வறட்சியிலும் செடியின் எடை ஓரளவு கூடியது, மருந்துப் பொருளும் இன்னும் அதிகமானது. இந்த சூடோமோனாஸ் பாக்கெட்டை நம் ஊரில் வாழைக்காரர்கள் வாங்கிப் போடுவதைப் பார்த்திருக்கிறோம். அது மூலிகைக்கும் உதவும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

"அப்ப மூலிகையைக் காயப்போட்டா நல்லதுதானே?" என்று என் தோழி கேட்டாள். நானும் யோசித்தேன். கஷ்டம் வந்தால் செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பொருளைச் செய்கிறது. அளவான கஷ்டம் என்றால் சத்து கூடும். அளவு மீறினால் இலையே இருக்காது. இலை இல்லாத துளசியில் எந்தச் சத்தை எடுப்பது? ஆகவே செடியைத் தாகமே தெரியாமல் வளர்க்கவும் வேண்டாம், சாக விடவும் வேண்டாம். தாங்கப் பழக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. தினமும் தெளிக்காமல், சில நாளுக்கு ஒரு முறை அடிமண் வரை இறங்கும்படி வேரடியில் ஊற்றணும். காலையிலோ சாயங்காலமோதான்.

2. மத்தியானம் இலை தொங்கினால் பயப்படாதீர்கள். சாயங்காலம் நிமிர்ந்துவிடும். விடிகாலையிலும் தொங்கினால்தான் நிஜமான தாகம்.

3. தண்ணீர் விடும் இடைவெளியைத் தை, மாசியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கணும். திடீரென்று நிறுத்தக் கூடாது.

4. மண்ணை வெறுமனே விடாமல் வாழைச்சருகு, கரும்புத் தோகை, வைக்கோல் போட்டு மூடணும்.

5. துளசிக்குப் பக்கத்தில் அடியில் சின்ன ஓட்டை போட்ட மண்பானையைப் புதைத்து, துணித்திரி செருகி, தண்ணீர் நிரப்பி மூடினால் அது மெதுவாகக் கசியும்.

6. ஆடாதோடையையும் நொச்சியையும் மேற்கு ஓரத்தில் வேலியாக நடணும். ஆடி மாதக் காத்தும் தடைபடும், ஆடும் கடிக்காது.

7. துளசிக் கதிரை அப்பப்போ கிள்ளணும். பூத்து விதை முற்ற விட்டால் செடி சீக்கிரம் ஓய்ந்துவிடும். விதைக்கு மட்டும் ஒன்றிரண்டு செடியை விட்டு வைக்கலாம்.

8. வெயில் காலத்தில் யூரியா வேண்டாம். இளந்தளிர் நிறைய வந்தால் தண்ணீர்த் தேவையும் கூடும்.

நானே செய்து பார்த்தது

வீட்டில் இரண்டு பழைய டப்பாவில் துளசி வைத்தேன். ஒன்றில் வாழைச்சருகு போட்டு மூடினேன், இன்னொன்றைச் சும்மா விட்டேன். இரண்டுக்கும் ஒரே நாள் காலையில் ஒவ்வொரு சொம்பு தண்ணீர். மூன்றாம் நாள் விரலை விட்டுப் பார்த்தேன். சும்மா விட்டது விரலுக்கு வறவறவென்று இருந்தது. மூடியது இன்னும் ஈரமாக இருந்தது. காசு செலவே இல்லை! சருகை நாம் தினமும் கூட்டிக் கொளுத்துகிறோம். கொளுத்தினால் புகை, மூடினால் ஈரம்.

யோசியுங்கள்

தோழர்களே, தோழிகளே! சளி பிடித்தால் துளசி, இருமல் வந்தால் தூதுவளை என்று நாம் செடியிடம் ஓடுகிறோம். செடிக்குக் கஷ்டம் வந்தால் அது எங்கே ஓடும்? அதற்குக் காலில்லை. நாம்தான் அதன் பக்கம் போகணும். அடுத்த மே மாதத் தண்ணீர் முறைக்கு நானே பெயர் கொடுத்திருக்கிறேன். பட்டியலில் இன்னும் மூன்று இடம் காலியாக இருக்கிறது. வர்றவங்க காலை ஏழு மணிக்கு வாங்க. வரும்போது வீட்டிலிருந்து ஒரு கூடை சருகும் கொண்டு வாங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி