இடித்தேவன் கொடி: ஒரே வேரில் மருந்தும் நஞ்சும்

"பச்சிலைதானே, குடித்தால் என்ன வந்துவிடப்போகிறது?" என்று கேட்போர் நம்மிடையே பலர். மூலிகை தீங்கு செய்யாது என்ற இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது? சீன நாட்டு மூலிகை ஒன்றைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

கொடியும் அதன் பயனும்

தென் சீனாவின் மலைச் சரிவுகளில் வளரும் ஒரு கொடியைச் சீனர் 'லெய் கொங் தெங்' என்பர். இடித்தேவனின் கொடி என்பது அதன் பொருள். நமது நாட்டு வாலுளுவையும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் இரண்டும் வெவ்வேறு செடிகள். ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் பயன்படுத்த முடியாது.

சீனக் கமக்காரர் இக்கொடியின் வேரைத் தூளாக்கி, மரக்கறித் தோட்டத்தில் பூச்சிகளைக் கொல்லப் பயன்படுத்தினர். அதே வேரைத்தான் வைத்தியர் மூட்டு வீக்கத்துக்கும் கொடுத்தனர். ஆனால் நஞ்சு மிகுந்த பட்டையை உரித்து நீக்கி, உள்வேரை மட்டும் நெடுநேரம் அவித்தே கொடுத்தனர்.

வீக்கம் தணிவது எப்படி?

காயம் பட்ட இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, நோகும். இதை அழற்சி என்கிறோம். இது உடலின் காவல் வேலை. முடக்குவாதம் என்னும் மூட்டு நோயிலோ, இக்காவலே சொந்த மூட்டுகளைத் தாக்குகிறது.

இவ்வேரில் அழற்சியைத் தணிக்கும் பதார்த்தங்களுள் திரிப்தோலைட்டு, செலஸ்திரோல் என்னும் இரண்டும் முக்கியமானவை. திரிப்தோலைட்டை 1972இல் அமெரிக்க விஞ்ஞானி மொரிஸ் குப்சானின் குழுவினர் பிரித்தெடுத்தனர். அது வேலை செய்யும் முறை 2011இல் மேலும் தெளிவாகியது. நமது உடற்கலம் ஒவ்வொன்றிலும் பரம்பரை அலகுகளின் கட்டளைகள் பிரதி எடுக்கப்பட்டே புரதங்கள் ஆக்கப்படுகின்றன. வீக்கத்தைத் தூண்டும் புரதங்களும் அவ்வாறே உண்டாகின்றன. திரிப்தோலைட்டு அந்தப் பிரதியெடுப்புக்கு வேண்டிய ஒரு புரதத்தைப் பற்றிப்பிடித்து, வேலையை நிறுத்துகிறது. வீக்கம் தணிகிறது.

பலன் உண்மையானதே. 2014இல் வெளியான சீன ஆய்வொன்றில் 207 முடக்குவாத நோயாளர் பங்குபற்றினர். 24 வாரங்களின் பின், நோய் பாதியளவாவது குறைந்தவர்கள் மெதோட்ரெக்சேட் என்ற வழமையான மருந்தை எடுத்தவர்களில் நூற்றுக்கு 46 பேர். அளந்து தயாரித்த வேர்ச்சாற்று மாத்திரை எடுத்தவர்களில் 55 பேர். இரண்டையும் எடுத்தவர்களில் 77 பேர்.

தீங்கு எங்கிருந்து வருகிறது?

பிரதியெடுப்பு நோயுற்ற மூட்டில் மட்டும் நடப்பதன்று. குடல், ஈரல், சிறுநீரகம், எலும்பு மச்சை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆகவே அளவு மிஞ்சினால் வாந்தி, வயிற்றோட்டம், இரத்தக் கலங்கள் குறைதல், சிறுநீரகம் பழுதடைதல், மரணம் கூட நேரும். அளவோடு எடுத்தாலும் ஆண்களில் விந்தணு குறையலாம். பெண்களில் மாதவிடாய் நின்றுபோகலாம். இக்கொடியினத்தின் பூவிலிருந்து தேனீக்கள் சேர்த்த தேனை உண்டு இறந்தவர்களும் சீனாவில் உண்டு. சிறுவர்க்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், பிள்ளைப்பேற்றை விரும்புவோர்க்கும் இம்மருந்து ஆகாது எனச் சீன அரசு 2012இல் எச்சரித்தது.

குணப்படுத்தும் செயலும் கொல்லும் செயலும் இங்கே ஒன்றே. அளவும், பதமும், எடுப்பவரின் உடல்நிலையுமே வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. இடம்பெயர்ந்து வந்த புதிய ஊரில், பழைய ஊர்ச் செடியைப் போலத் தோன்றுவதெல்லாம் அதே செடி அல்ல. நன்கறிந்தவர் பார்த்து உறுதிசெய்யாத வேரையோ இலையையோ அவித்துக் குடிக்க வேண்டாம்.

2. பரிகாரியார் சொன்ன பாகம், பதம், அளவு ஆகியவற்றை மாற்ற வேண்டாம். "இரண்டு மடங்கு குடித்தால் விரைவில் சுகம்" என்பது ஆபத்தான கணக்கு.

3. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, குடித்துவரும் கசாயத்தையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

4. ஒருவர் மூலிகை குடித்தபின் கடும் வாந்தி, வயிற்றோட்டம், சிறுநீர் குறைதல் கண்டால் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். அச்செடியின் துண்டொன்றையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

கலந்துரையாட

• நமது வீடுகளில் வழங்கும் மூலிகைகளில் அளவு மிஞ்சினால் தீங்கு தருபவை எவை?
• இங்கு வந்தபின் நாம் கண்ட புதிய செடிகளைப் பற்றி இவ்வூர் முதியோரிடம் எவற்றைக் கேட்டறியலாம்?