பாடத்தில் குரல் கெட்டால்



சில வாரங்களுக்கு முன் ஒரு சிறுவன் என்னிடம் வந்து, "சாமி, டீச்சர் அனுப்புகிற பாடத்தில் படம் ஓடுகிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை" என்று முறையிட்டான். செல்போன் பழுதாகிவிட்டதென்று எண்ணிய அவன் தாயார், சீட்டுப் பணத்தை எடுத்துப் புதியது வாங்க ஆயத்தமாயிருந்தார். என் மேசைமேலிருந்த ஹெட்போனை அதில் மாட்டிக் கேட்டேன். டீச்சரின் குரல் கணீரென்று கேட்டது. ஆகவே போனில் குற்றமில்லை, குற்றம் ஒலிப்பதிவில்.

அதெப்படி என்று கேட்பீர்கள். ஸ்டீரியோப் பதிவில் இடம், வலம் என இரு தடங்கள் உண்டு. மேடை மைக்கைப் பொருந்தாத ஒயரால் கணினியில் இணைத்துவிட்டால், ஒரே குரல் இரு தடங்களிலும் விழும். ஆனால் ஒன்றில் ஒலியலை மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்கும். ஹெட்போனில் ஒவ்வொரு காதும் தன் தடத்தைத் தனியே கேட்பதால் குறை உடனே தெரியாது. ஒரே ஒலிபெருக்கியுள்ள போனோ இரண்டையும் கூட்டிவிடுகிறது. ஐந்திலே ஐந்து போனால் மீதி என்ன? பூஜ்யம். பரிகாரம் எளிது: இரண்டில் ஒரு தடத்தை அழித்துவிட்டு, மற்றதை மோனோவாக வைத்துக்கொள்ளவேண்டும். பாடத்துக்கு மோனோவே போதும்.

நம் பங்கில் ஆசிரியப் பணி செய்வோர் பலர். 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டபோது பழகிய வழக்கம் நின்றுவிடவில்லை. இன்றும் வீட்டிலிருந்தே பாடம் பேசி அனுப்புகிறார்கள். அவர்களுக்காகவே இன்னும் சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, அறை. கோயில் காலியாயிருக்கும்போது பேசினால் சொல்லோடு சொல் மோதும். திருவிழாக் கூட்டத்தில் அவ்வளவு மோதுவதில்லை. மனிதரும் அவர்கள் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதே காரணம். டைல்ஸ் போட்ட வெற்று அறையும் காலிக் கோயில் போன்றதுதான். துணி பீரோவைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசுங்கள். முதுகுப்புறம் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். எதிரொலி ஒருமுறை பதிவாகிவிட்டால், பின்னால் அதை முழுவதும் பிரித்தெடுப்பது மகா கடினம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். அப்பொழுதுதான் மூச்சுக் காற்று நேரே மோதாது. தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் இரைச்சலோ குறையாது. மின்விசிறியை நிறுத்துங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆனதால், அதன் ரீங்காரம் 50, 100, 150 என்று பதிவில் ஏறும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினாலே பல வேளை அது நின்றுவிடும்.

அளவுமானியில் உரத்த சொல்லும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதிருப்பது நலம். பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் முடி வெட்டுண்டுபோகும். பொங்கி அடுப்பில் வழிந்த பாலைப் பாத்திரத்தில் அள்ளமுடியுமா? வெட்டுண்டதைச் சீராக்கும் கருவிகள் உண்டு என்பார்கள். அவை இழந்ததை ஊகித்து நிரப்புகின்றனவேயன்றித் திருப்பித் தருவதில்லை. அந்த வாக்கியத்தை மறுபடி பேசுவதே குறுக்கு வழி.

நிற்க. பதிவு முடிந்துவிட்டது, மறுபடி பேச நேரமில்லை என்றால் என்ன செய்வது? 2000-ம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் இலவசச் செயலி இன்றும் கைகொடுக்கிறது. முதலில் அசல் பதிவை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் என்னிடம் வந்தவர்கள் பலர்! பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைத்துவிட்டால், மேசை அதிர்வும் தெரு லாரியின் உறுமலும் அடங்கும். அடுத்து, பேச்சில்லாத ஐந்து விநாடியைத் தேர்ந்து, இதுதான் இரைச்சல் என்று செயலிக்குக் காட்டவேண்டும். அதைக்கொண்டு மற்ற இடங்களிலும் அது குறைக்கும். ஆகையால் பேசத் தொடங்குமுன் ஐந்து விநாடி சும்மாயிருக்கப் பழகுங்கள். இரைச்சலை 6 முதல் 12 டெசிபல் குறைத்தால் போதும். பேராசைப்பட்டு 30 குறைத்தால், டீச்சர் கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். ஒரு ஸ்லைடு உரத்தும் மறு ஸ்லைடு மெலிந்தும் இராதபடி சமப்படுத்துவது கடைசி வேலை. முன்னே செய்தால் மற்ற திருத்தங்களால் அளவு மீண்டும் மாறிவிடும்.

குரல் நன்றாயிருந்தும் பாடம் கெடுவதுண்டு. பவர்பாயிண்டில் ஒரு ஸ்லைடு மறைந்து மறு ஸ்லைடு வரும் நேரத்தில் பேச்சு பதிவாவதில்லை. ஆனபடியால் மாற்றம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். இல்லையேல் வாக்கியத்தின் தலை போய்விடும். இணையத்தில் திறக்கும் பாடமானால் வேறொரு தொல்லை. 2018 முதல் குரோம் உலாவி, பார்ப்பவர் எதையாவது தொடுமுன் ஒலி தானே எழும்புவதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. முதல் ஸ்லைடு ஊமையாயிருக்கிறதென்று குரலை மறுபடி மறுபடி பதிவு செய்து பயனில்லை. "தொடங்கு" என்றொரு பொத்தானை அங்கே வைத்தால் தீர்ந்தது. ஒரு சொல் பிழையானால் அச்சொல்லை மட்டும் ஒட்டவைக்காதீர்கள். மறுநாள் குரல் முந்தினநாள் குரலாயிராது. வாக்கியம் முழுவதையும் பேசி மாற்றுங்கள். நீளம் மாறினால், குரலோடு சேர்ந்து தோன்றவேண்டிய படங்களின் நேரத்தையும் திருத்தவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

எல்லாம் முடிந்தபின், வீட்டிலுள்ள போன்களில் எது மலிவோ அதில், ஹெட்போன் இல்லாமல், சமையலறையில் வைத்து ஒருமுறை கேளுங்கள். பிள்ளைகள் கேட்பது அப்படித்தான்.

மேற்சொன்ன ஆசிரியையிடம் விஷயத்தைத் தெரிவித்தேன். அவர் ஒரு தடத்தை நீக்கி, பதினான்கு பாடங்களையும் ஒரே மாலையில் திருப்பி அனுப்பினார். ஒரு வரிகூட மறுபடி பேசவேண்டியிருக்கவில்லை. சீட்டுப் பணமும் தப்பியது. உங்கள் பதிவிலும் இத்தகைய குறை இருந்தால், சனிக்கிழமை மாலை பங்கு அலுவலகத்திற்குக் கொண்டுவாருங்கள். அசல் பதிவையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.