மூணாவது நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி!

ஆதிக் கிறிஸ்தவ சபைகள் போலிப் போதகர்களிடமிருந்து தங்களை எப்படிக் காப்பாற்றிக்கொண்டன என்பதுதான் இந்தத் தடவை என் கட்டுரை. சர்ச்சுக்குப் போகாதவங்களும் படிக்கலாம், இது சரித்திரம்தான்.

சுமார் 1900 வருஷத்துக்கு முன்னாடி, ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதி, அனேகமாக சிரியா. அப்போ கோயில் கட்டடம் கிடையாது. யாராவது ஒருத்தர் வீட்டில்தான் சபை கூடும். புதிய ஏற்பாடு ஒரே புத்தகமாகக் கையில் கிடையாது. ஊர் ஊராக நடந்து வருகிற போதகர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். வருகிறவர் நிஜமான ஊழியரா, சோத்துக்கு வந்தவரா? போட்டோ ஒட்டின அடையாள அட்டையா இருக்கு, வாங்கிப் பார்க்க? ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் வரும் என்று இயேசு எச்சரித்தது அவர்களுக்குத் தெரியும். தோலுக்குள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் கஷ்டம்.

அதற்கு வழி சொல்லும் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. பெயர் டிடாக்கே. கிரேக்க மொழியில் போதனை என்று அர்த்தம். பைபிளில் சேராத நூல், 16 அதிகாரம்தான். ரொம்ப காலம் காணாமல் போயிருந்தது. 1873ல் பிலோதியோஸ் பிரையெனியோஸ் என்ற கிரேக்க சபை அறிஞர் கான்ஸ்டாண்டிநோபிளில் (இப்போ இஸ்தான்புல்) ஒரு பழைய ஏட்டில் கண்டுபிடித்தார். 1056ல் லியோ என்பவர் கையால் எழுதி வைத்த பிரதி அது. நம்ம பத்திரிகை மாதிரியே கையெழுத்து!

அதில் உள்ள சட்டங்களைக் கேளுங்க. கர்த்தருடைய பேரில் யார் வந்தாலும் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். சோதனை அப்புறம்தான். ஏற்கெனவே படித்த போதனையைக் கெடுக்கிற மாதிரி வேறே ஒன்று சொன்னால் காது கொடுக்கக் கூடாது. ஊர் ஊராகப் போகும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள். மூணாவது நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும் வரைக்கும் ரொட்டி வாங்கிக்கொள்ளலாம். காசு கேட்டாரோ, கள்ளத் தீர்க்கதரிசி.

ஆவியில் நிறைந்து சாப்பாட்டுப் பந்தி போடச் சொல்லும் தீர்க்கதரிசி அந்தப் பந்தியில் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் அவரும் போலிதான். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு. அப்புறம்தான் தோணுச்சு, யாரோ ஒருத்தர் அப்படிச் சாப்பிட்டிருக்கப் போய்த்தானே இப்படி ஒரு சட்டமே போட்டிருப்பாங்க!

இன்னொரு விஷயம் ஆச்சரியம். தீர்க்கதரிசி ஆவியில் பேசிக்கொண்டிருக்கும்போது அவரைச் சோதிக்கக் கூடாதாம். பேச்சை வைத்து அல்ல, நடத்தையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தனக்குப் பணம் கேட்டால் கேட்காதே, இல்லாத ஏழைக்காகக் கேட்டால் அவரைத் தப்பாக நினைக்காதே என்றும் இருக்கிறது. எங்க தெருப் பாட்டி ஒருத்தரிடம் சுகர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காணிக்கை வாங்கிக்கொண்டு போன ஒருத்தர் நல்லாத்தான் பேசினார். பாட்டி அப்புறம் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாங்க.

சட்டம் போட்டும் ஏமாந்திருக்கிறார்கள். பெரெக்ரினுஸ் என்பவர் பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து சீக்கிரமே தலைவர் மாதிரி ஆகிவிட்டார். அவரைச் சிறையில் போட்டதும் விடிகாலையிலிருந்தே விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் காத்துக் கிடந்தார்களாம். இன்றைய துருக்கியில் உள்ள பட்டணங்களிலிருந்து சபைகள் பொதுப்பணத்தில் ஆள் அனுப்பின. அவருக்கு நல்ல வருமானம். கடைசியில் சபையே அவரை விலக்கியது. 165ல் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தபோது அவர் தீயில் குதித்துச் செத்தார். இதை எழுதியவர் லூசியன், கிறிஸ்தவர்களைக் கேலி செய்கிற ஆசாமி. கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார். ஆனால் கெட்டிக்கார ஏமாற்றுக்காரன் எவனும் இந்த வெகுளிகளிடம் சீக்கிரம் பணக்காரன் ஆகிவிடலாம் என்கிறாரே, அது சுருக்கென்று குத்துகிறது.

ஊரிலேயே தங்க வருகிறவருக்கும் டிடாக்கேயில் சட்டம் உண்டு. கைத்தொழில் தெரிந்தால் வேலை செய்து சாப்பிடட்டும். தெரியாவிட்டால் சபை யோசித்து வழி செய்ய வேண்டும். சும்மா இருந்துதான் சாப்பிடுவேன் என்றால் அவருக்குக் கிரேக்கத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்கிறவன் என்று அர்த்தம். உண்மையான தீர்க்கதரிசிக்கோ களத்து நெருப்படியாக வரும் முதல் தானியம், ஆடு மாட்டின் முதல் ஈத்து எல்லாம் கொடுக்கணும். ஊரில் தீர்க்கதரிசி இல்லையென்றால் அது ஏழைகளுக்கு.

காசு கேட்கிறவரைக் கண்டுபிடிப்பதாவது சுலபம். காசு கொடுக்கிறவர் வந்தால்? மார்சியோன் என்ற பணக்காரக் கப்பல்காரர் ரோம் சபையில் சேர்ந்தபோது 2,00,000 செஸ்டர்ஸ் நாணயம் காணிக்கை கொடுத்தார். பழைய ஏற்பாட்டுக் கடவுள் வேறே, இயேசுவின் பிதா வேறே என்று அப்புறம் போதிக்க ஆரம்பித்தார். இவ்வளவு கொடுத்தவராச்சே என்று சபை வாயை மூடிக்கொள்ளவில்லை. 144ல் அவரை வெளியே அனுப்பியது, அந்த 2,00,000ஐயும் திருப்பிக் கொடுத்துவிட்டது.

— 9ஆம் வகுப்பு மாணவி